ஆமத் சாச்சாவைக் கேட்டுத்தான் கடல் ஏறும்

கட்ச் மாவட்டத்தில் நிலா உதிக்கும் முன் எங்கள் குடியிருப்பான ஜாரா வாண்டுக்கு ஆள் அனுப்பும். "ஆமத் சாச்சா, இன்னிக்குக் கடலை எதுவரைக்கும் இழுக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தால் கடல் காத்திருக்கும். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் கடல் பாதி ஏறி அங்கேயே நின்றுவிட்டது. சூரியன் மட்டும் யாரையும் கேட்பதில்லை. அதனால்தான் இங்கே வெயில் இந்த லட்சணத்தில் அடிக்கிறது.

இதில் பாதி பொய் என்பார்கள். எந்தப் பாதி என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

பொய் கலக்காத பாதி இது. ஆமத் சாச்சா ஒல்லியானவர். கம்பை ஊன்றிக்கொண்டு நின்றால், கம்பு எது அவர் எது என்று தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மருதாணி போட்டுச் சிவந்த தாடி. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த பாதங்கள். அவர் தகப்பனார் ஒட்டகம் மேய்த்தார், தகப்பனாரின் தகப்பனாரும் ஒட்டகம் மேய்த்தார், இவரும் மேய்க்கிறார். வாழ்நாளில் பாதியைத் தண்ணீருக்குள் கழித்தவர். அவருக்கு நீந்தத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். ஜாரா வாண்டில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மார்பளவு தண்ணீரில் தனியாக விட்டால் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஒட்டகத்தின் திமிலைப் பிடித்துக்கொண்டு அவர் போகாத தீவு இந்தக் கரையில் கிடையாது. நீந்துவது ஒட்டகத்தின் வேலை, பிடித்துக்கொள்வது மனுசன் வேலை, இரண்டு பேரும் நீந்தினால் யார் யாரைப் பிடிப்பது என்று கேட்பார்.

புஜ் நகரத்தில் கலெக்டர் ஆபீஸ் சுவரில் மாவட்டத்தின் படம் ஒன்று தொங்குகிறது. சுற்றிலும் கறுப்பு மையில் கோடு. ரேஷன் கார்டு விஷயமாகப் போன ஆமத் சாச்சா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் அங்கிருந்த குமாஸ்தாவிடம், இந்தக் கோட்டைக் கடல் வற்றியிருந்தபோது போட்டார்களா, ஏறியிருந்தபோது போட்டார்களா என்று கேட்டார். குமாஸ்தா அவரை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார். அடுத்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம்.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். இந்த மாவட்டம் சும்மா ஓரிடத்தில் கிடப்பதில்லை. வடக்கே இருக்கும் உப்புப் பாலை மழைக்காலத்தில் கடலாகிவிடும். மழை போனதும் வெள்ளைத் தரையாகி நிலா வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். மேற்கே எங்கள் பக்கம் அதற்குக்கூடப் பொறுமை கிடையாது. காலையில் சேறும் அலையாத்திக் காடுமாக ஒரு நிலம் இருக்கும். மத்தியானம் அது இருந்த இடத்தில் மீன் துள்ளும். சாயங்காலம் மறுபடியும் நிலம், நண்டு ஓடிய தடத்தோடு. இத்தனை பெரிய மாவட்டம் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை மூழ்கி எழுந்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இங்கேயே பிறந்தவர்கள்கூட ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நின்று அதைப் பார்த்தபடியே வந்த வேலையை மறந்துபோவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒட்டகமும் ஊருக்கேற்ற மாதிரிதான் இருக்கும். மற்ற ஊர் ஒட்டகம் மணலில் நடக்கும். எங்கள் ஒட்டகம் கடலில் நீந்தித் தீவுகளுக்குப் போய் அலையாத்தி இலையை மேயும். முதலில் தண்ணீர் ஓரத்தில் நின்று, கல்யாண வீட்டில் உப்பில்லாத சோறு போட்டுவிட்டார்கள் என்பது போல் முகத்தைச் சுளிக்கும். பிறகு முன்னங்காலை வைக்கும். முழங்கால், வயிறு, மார்பு என்று இறங்கிக்கொண்டே போகும். தரை விட்டுப்போகிற அந்தக் கணத்தில் கோணல் மாணலான உடம்பு முழுக்க மறைந்து கழுத்து மட்டும் மிஞ்சும். ஒன்றன் பின் ஒன்றாகக் கழுத்துகள். ஒரு சொட்டுச் சத்தம் இருக்காது. கடலே எழுந்து நடந்துபோகிற மாதிரி இருக்கும். அதை நூறு தடவை பார்த்த பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் மூக்கு நோண்டுவதை நிறுத்திவிடும்.

பூமி ஆடிய வருஷம் ஆமத் சாச்சா ஒரு தீவில் இருந்தார். அப்போது வாலிபர். மேய்ந்துகொண்டிருந்த ஒட்டகம் எல்லாம் ஒரே நேரத்தில் வாயில் இலையோடு நின்றன. பிறகு சேறு கொதித்தது என்பார், பானையில் கஞ்சி கொதிக்கிற மாதிரி. அவர் பக்கத்திலிருந்த ஒட்டகத்தின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரைக்கு வந்தபோதுதான் கிழக்கே ஊர் ஊராக விழுந்துவிட்டது தெரிந்தது. ஜாரா வாண்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோரைக் குடிசை விழுந்தால் தலையில் கோரைதான் விழும். அந்த வாரம் முழுக்க அவர் பால் கறந்து கறந்து, கல்வீடு இடிந்துபோனவர்கள் தங்கியிருந்த கூடாரங்களுக்குச் சுமந்துகொண்டு போனார். அந்தக் கூடாரம் ஒன்றில்தான் மீனவர் வீட்டுப் பெண் ஹவாவை முதன்முதலில் பார்த்தார். பாலை வாங்கிக் குடித்துவிட்டு அவள், "இதுல மீன் நாத்தம் அடிக்குது" என்றாளாம். மீன் நாற்றம் அவள் கையில் என்று இவர் சொன்னாராம். அப்புறம் கல்யாணம்.

பாலை விற்கக்கூடாது என்பது எங்கள் முன்னோர் பீர் மகானுக்குக் கொடுத்த வாக்கு. வந்தவன் யாராக இருந்தாலும் குடித்துவிட்டுப் போகலாம். மீனவர் வீட்டிலிருந்து வந்த ஹவா சாச்சி அந்த வாக்கை எங்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வாசலில் இதுவரை எந்த உயிரும் பசியோடு படுத்ததில்லை. லாரி டிரைவர், எல்லைக் காவல் சிப்பாய், வழி தவறிய நாய், எல்லாம் ஒன்றுதான் அவளுக்கு. இது நல்ல குணம். இந்த நல்ல குணம்தான் அந்தப் பனிக்காலத்தில் ஆமத் சாச்சாவின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

அவர் மந்தையின் தலைவி ரேஷம். பெயருக்கு அர்த்தம் பட்டு. தொட்டால் துடைப்பம். ஆனால் அது தண்ணீரில் இறங்கினால்தான் மற்றது இறங்கும். அந்தப் பனிக்காலத்தில் ரேஷம் கன்று போட்டது. கன்று போட்ட கையோடு கரையில் மேய்ச்சல் தீர்ந்துபோனது. சீமைக்கருவேலத்தைத் தின்று தின்று ஒட்டகங்களின் வாய் புண்ணாகிவிட்டது. மந்தை தீவுக்குப் போயே ஆகவேண்டும். ரேஷம் முன்னால் போகாமல் அது போகாது. கன்றுக்கோ நீந்துகிற வயசு வரவில்லை.

இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. கன்றைக் கரையில், ஒட்டகங்கள் இறங்கி ஏறும் துறையில், முளையடித்துக் கட்டிவிடுவார்கள். தாயை மந்தையோடு அக்கரைக்குக் கூட்டிப்போய்விட்டு, அடுத்த தடவை கடல் ஏறி நிற்கும்போது தாயை மட்டும் திருப்பிக் கூட்டிவருவார்கள். கன்று பசியில் கத்தும். அந்தக் குரல்தான் வழி. தண்ணீரில் தாயின் மூக்குக் கயிற்றை இழுக்கக்கூடாது, திசை காட்டக்கூடாது, பேசக்கூடக் கூடாது. மனுசனுக்குத் தண்ணீரின் நடுவில் தலை சுற்றும், கரை எது கடல் எது என்று குழம்பும். பால் கட்டிய மடியோடு வருகிற தாய் குழம்பாது. ஆகவே ஒரே ஒரு விதி. தாய் கரையேறும்வரை கட்டிய கன்றுக்கு வயிறு நிறையக்கூடாது. வயிறு நிறைந்த கன்று கத்தாது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஜாரா வாண்டில் கன்று மாதிரியே கத்துகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். குடிசைக்குப் பின்னால் நின்று அவள் கத்தினால், கறந்துகொண்டிருக்கும் ஒட்டகம் பால் சட்டியை உதைத்துவிட்டு ஓடும். பெண்கள் ஒட்டகத்தின் பின்னால் ஓடுவார்கள். கடைசியாக அப்படி நடந்தபோது ஹவா சாச்சியின் மூக்கு வளையம் முள்ளில் மாட்டி, பெரிய ரகளையாகிவிட்டது. இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டால் அவளைத் திரும்பவும் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவதாகப் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். அவள் யார் என்பது இங்கே தேவையில்லை. இந்தக் கதைக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆமத் சாச்சா மந்தையை இறக்கினார். சட்டையைச் சுருட்டித் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு ரேஷத்தின் திமிலைப் பிடித்தார். ஹவா சாச்சியின் தம்பி உஸ்மான் தன் படகில் வலையைச் சரிசெய்தபடி, "மச்சான், மோட்டார் வச்ச படகு இங்க சும்மா கிடக்கு. நீங்க இந்தக் கிழட்டு முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் போறீங்க" என்றான்.

"உன் படகு கன்னு கத்தினா திரும்புமாடா?" என்று கேட்டார் ஆமத் சாச்சா.

அக்கரை சேர்ந்தாகிவிட்டது. மந்தை அலையாத்தியில் பரவி மேய ஆரம்பித்துவிட்டது. ரேஷம் மட்டும் மேயாமல் இக்கரையைப் பார்த்தபடியே நின்றது. விடிந்து, கடல் ஏறி, தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரம் வந்ததும் இருவரும் திரும்ப இறங்கினார்கள். வானம் துடைத்த மாதிரி இருந்தது. எதிர்க்கரையில் ஹவா சாச்சி மூட்டிய அடுப்புப் புகைகூடத் தெரிந்தது.

பாதி வழியில் மூடுபனி வந்தது. வந்தது என்றால் பனி இறங்குவது போல் மெல்ல இல்லை. வெளிக்கடலில் இருந்து ஒரு வெள்ளைச் சுவர் நடந்து வந்து இருவரையும் விழுங்கியது. முதலில் கரை போனது. பிறகு தண்ணீர் போனது. பிறகு ரேஷத்தின் தலை போனது. ஆமத் சாச்சாவுக்கு மிஞ்சியது ஒரு திமிலும் தன் இரண்டு கைகளும்தான்.

அவர் பயப்படவில்லை. இதைவிடப் பெரிய பனியெல்லாம் அவர் பார்த்தவர். கன்று கத்தும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருந்தார். ரேஷமும் நீந்துவதைக் குறைத்துக்கொண்டு காதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

கன்று கத்தவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தார். தூங்குகிறதோ என்று நினைத்தார். பசித்த கன்று எப்படித் தூங்கும் என்றும் நினைத்தார். அப்போது தண்ணீர் அவர் காலை மெதுவாக ஒரு பக்கம் இழுத்தது. கடல் இறங்கத் தொடங்கிவிட்டது. தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் இந்தக் கழியில் தண்ணீர் இறங்கினால் நேராக வாய் வழியே வெளிக்கடலுக்குத்தான். அதற்கும் அப்பால் தண்ணீர் மேலேயே நாட்டின் எல்லைக்கோடு ஒன்று இருக்கிறதாம். மீன் பிடிக்கப் போய்த் தெரியாமல் அதைத் தாண்டியவர்கள் தலை நரைத்துத் திரும்பியிருக்கிறார்கள். ஒட்டகத்தோடு தாண்டியவன் கதையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் தகரச் சத்தம் கேட்டது. டப டபவென்று, எந்தப் பக்கம் என்று தெரியாதபடி, பனி முழுக்க. உஸ்மான்தான். கரையில் பனியைப் பார்த்துப் பதறி, எண்ணெய் டின்னை எடுத்துக் கட்டையால் விளாசத் தொடங்கியிருந்தான். மீனவர்கள் படகுக்கு அப்படித்தான் வழி காட்டுவார்கள். படகு மிரளாது. ரேஷம் மிரண்டது. உடம்பை ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நீந்த ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் என்றால் கடல்.

ஆமத் சாச்சா கயிற்றைப் பிடித்து இழுக்கக் கையைக் கொண்டுபோனார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். இழுத்தால் அது தலையைத் தூக்கும், தலையைத் தூக்கினால் உடம்பு அமிழும், உடம்பு அமிழ்ந்தால் நீந்தத் தெரியாதவன் கதை அவ்வளவுதான். அவர் திமிலில் கன்னத்தை வைத்துக்கொண்டார். அதன் நெஞ்சு அடிப்பது கேட்டது. தன் நெஞ்சும் கேட்டது. எது யாருடையது என்று தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

தகரச் சத்தம் பட்டென்று நின்றது. காலடியில் தண்ணீர் வெதுவெதுப்பானது. பனிக்காலத்தில் கழித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், வெளிக்கடல் தண்ணீரில்தான் சூடு இருக்கும். அந்த வெதுவெதுப்பு இதமாக இருந்தது. அவர் வாழ்க்கையிலேயே இதமான ஒன்றைக் கண்டு அவர் நடுங்கியது அப்போதுதான். அலைகள் நீளமாகிவிட்டன. ஒவ்வொன்றும் அவரையும் ரேஷத்தையும் மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கியது, தூக்கத்தில் மூச்சு விடுகிற ஏதோ ஒரு பெரிய பிராணியின் வயிற்றின்மேல் படுத்திருக்கிற மாதிரி. எத்தனை பெரியது இது என்று அவருக்கு அப்போது தோன்றியது. இத்தனை வருஷமாக இதன் ஓரத்தை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் அவர். பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறு ஏதோ இருந்தது, அதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. கலிமா சொன்னார். ஹவாவை நினைத்தார். கன்று பட்டினி கிடக்குமே என்று நினைத்தார்.

கரையில் நடந்ததையும் சொல்லவேண்டும். தகரத்தை உஸ்மானின் கையிலிருந்து பிடுங்கி எறிந்தவள் ஹவா சாச்சி. "கொன்னுட்டியேடா. அது படகா? அந்தச் சத்தத்துக்கு அது கரைக்கா வரும்?" என்றாள். பிறகு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். உஸ்மான் அக்காவைத் தேற்றப் போனபோது அவள் அவனைத் திட்டவில்லை, தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். விடியும் முன்பே அவள் கன்றுக்குப் பால் கொடுத்திருந்தாள். அது கத்தியது பொறுக்கவில்லை. பக்கத்து மந்தையில் ஒரு ஒட்டகத்தைக் கறந்து, துணியை நனைத்து நனைத்து, வயிறு புடைக்கப் புகட்டிவிட்டாள். எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள், விதி தெரியாதா? தெரியும். ஆனாலும் வாசலில் ஓர் உயிர் பசியில் அழும்போது அவள் கை விதியைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை.

இப்போது கன்று துறையில் எங்கோ பனிக்குள் சுருண்டு கிடந்தது. போய்த் தடவி எழுப்பினார்கள். அது ஏப்பம் விட்டது. காதைப் பிடித்து முறுக்கினார்கள். கொட்டாவி விட்டது. வாலை இழுத்தார்கள். ஹவா சாச்சியின் முந்தானையைச் சப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டது. கத்த மட்டும் மாட்டேன் என்றது. உஸ்மான் படகை எடுக்க ஓடினான். பனியில் படகே தட்டுப்படவில்லை. குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாம் கரைக்கு வந்து நின்றார்கள். நீட்டிய கை தனக்கே தெரியாத பனி. யார் எங்கே நிற்கிறார்கள், யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஒன்றும் தெரியாது. ஹவா சாச்சி முணுமுணுவென்று பீரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கன்று கத்தியது.

முதலில் மெல்ல, தொண்டை அடைத்த மாதிரி. பிறகு ஓங்கி. துறைக்குத் தெற்கே, சேற்றின் ஓரத்திலிருந்து வந்தது போல் இருந்தது. பனியில் சத்தம் இடம் மாறித்தான் கேட்கும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடாமல் கத்தியது. ஒரு கன்று இத்தனை நேரம் கத்தி யாரும் கேட்டதில்லை. குரல் கிழிந்தது, கிழிந்த குரலோடும் கத்தியது. ஹவா சாச்சி எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீரில் ரேஷத்தின் காதுகள் நிமிர்ந்தன. நீந்துவதை நிறுத்தியது. ஆமத் சாச்சா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெகு தூரத்திலிருந்து, பனிக்கு அடியில் நூல் பிடித்த மாதிரி அந்தக் குரல் வந்தது. ரேஷம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அந்தப் பெரிய உடம்பை மெதுவாகத் திருப்பியது. இறங்குகிற கடலுக்கு எதிராக ஒட்டகம் நீந்துவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்தை முன்னால் நீட்டிப் போட்டு, தண்ணீரை நெஞ்சால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போனது. அதன் மூக்கிலிருந்து வந்த சத்தம் தண்ணீரையே அதட்டுவது போல் இருந்தது. கொஞ்சம் முன்னேறும், கடல் பின்னால் இழுக்கும். மறுபடி முன்னேறும். அவர் கைகளில் உணர்ச்சி போய்விட்டது, விரல்களைத் திமிலின் மயிருக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்தார். குரல் மட்டும் நிற்கவே இல்லை. நின்றிருந்தால் அவ்வளவுதான்.

காலடியில் தண்ணீர் மறுபடி ஐஸானது. கழிக்குள் வந்துவிட்டார்கள். குரல் இப்போது வெகு பக்கத்தில் கேட்டது. அந்த இடத்தில் ஆமத் சாச்சா சிரித்தார். உதடு நீலம் பாரித்து, கழுத்தளவு தண்ணீரில், உயிர் பிழைப்பது இன்னும் உறுதியில்லாத நிலையில் வாய்விட்டுச் சிரித்தாராம். ஏன் சிரித்தார் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னவர் அதை மட்டும் சொல்லவில்லை.

ரேஷத்தின் கால் சேற்றில் பட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் கழுத்து வந்தது, பிறகு திமில், பிறகு அதில் நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த ஆமத் சாச்சா. குரல் நின்றது. உஸ்மான் ஓடிப்போய் மச்சானைத் தோளில் தாங்கினான். ஹவா சாச்சி கிட்டே வந்து அவர் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கன்னுக்கு நான்தான் பால் குடுத்தேன்" என்றாள். வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள்.

"எனக்குக் குடுத்தியா?" என்றார் அவர். பல் கிட்டித்துப் பேச்சு குழறியது.

வெல்லம் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒட்டகப் பால் டீ கொண்டுவந்தார்கள். பனி விலகியபோது கன்று கட்டிய முளையிலேயே, கட்டிய கயிற்றோடு, வாயோரம் பால் நுரை காய்ந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. ரேஷம் வந்து முகர்ந்து, காலால் தட்டி எழுப்பிப் பால் கொடுக்கப் பார்த்தது. அது வேண்டாம் என்றுவிட்டது. வயிறு நிறைந்த கன்று தூக்கத்திலேயே கத்தித் தாயைக் கூப்பிட்டிருக்கிறது என்றால் அது பீரின் கருணை அல்லாமல் வேறு என்ன என்று எல்லோரும் சொன்னார்கள். வெல்லச் சோறு பொங்கினார்கள். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து கன்றைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், கழுத்தில் பச்சைத் துணி கட்டினார்கள். அது அந்தத் துணியையும் தின்றுவிட்டது. அன்று முதல் இந்த மாவட்டத்தில் அந்தக் கன்றுக்கு இருக்கும் மரியாதை கலெக்டருக்குக் கிடையாது.

கைவிரல் சரியானதும் ஆமத் சாச்சா குடியிருப்பின் அடுத்த மந்தையை இறக்கினார். மறுபடி நீந்தத் தெரியாமலேயே.

இத்தனையும் எழுதப்பட்டதற்குக் காரணம் குடியிருப்புக்கு வந்துபோகும் டீச்சர். மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் பற்றி எழுதிக் காட்டினால் விடுதிக்குப் போகாமல் இங்கிருந்தபடியே பாதியில் விட்ட படிப்பைத் தொடரலாம் என்றார். மாவட்டத்தின் நிலமும் ஒரு இடத்தில் நிற்பதில்லை, மக்களும் நிற்பதில்லை. நின்று கேட்பவர் ஆமத் சாச்சா ஒருவர்தான். எனவே எழுதியவள் அவரிடம் போய், முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினாள். அவர் கன்றின் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

நிலா ஆள் அனுப்பி அனுமதி கேட்கும் இடத்தில் தலையாட்டினார். காய்ச்சலில் கடல் நின்றுபோன இடத்தில், அது உண்மைதான் என்றார். நீந்தத் தெரியாது என்று போட்டதற்குக் கோபப்படவில்லை. கன்று கத்தும் இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அதைத் திரும்பப் படி, ஜீலு."

ஜீலு திரும்பப் படித்தாள். கன்று கத்தியது, விடாமல் கத்தியது, குரல் கிழிந்தும் கத்தியது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. அன்னிக்கு அப்புறம் ஒரு வாரம் உனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரலையே, ஏன் புள்ள?"

பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாள். எல்லோருக்கும்தான் தொண்டை கட்டியது என்றும் சொன்னாள்.

"ரேஷத்துக்கும் தெரியும். பெத்தது, அதுக்குத் தன் கன்னோட குரல் தெரியாதா? ஆனாலும் அந்தப் பக்கம்தான் கரைன்னு புரிஞ்சுக்கிட்டுத் திரும்புச்சு." ஒரு உண்ணியைப் பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்கினார். "நீ சாச்சிக்குப் பயப்படாதே, நான் சொல்லமாட்டேன். டீச்சருக்கு எழுதறதுல மட்டும் பொய் வேண்டாம்."

"கன்னுதான் கத்துச்சு சாச்சா. ஊரே கேட்டுச்சு."

"கன்னு கத்தும்" என்றார் ஆமத் சாச்சா. "நடுநடுவுல நிறுத்தி மூக்கு உறிஞ்சாது."